நிமிர்ந்து பார்க்கவில்லை

2022 ஆடி மாதம். கும்பகோணத்தில் என் பிசியோதெரபி அறையின் இரண்டாவது கட்டிலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். பிடரியில் கரண்ட் பட்டைகளை ஒட்டியிருந்தேன். பதினைந்து நிமிடம் ஓட வேண்டும், பாதி ஓடியிருக்கும். “ஏம்மா, ஃபோனைக் குனிஞ்சு பாக்கறப்ப முதுகுத்தண்டுல ஷாக் அடிச்ச மாதிரி ஒண்ணு சர்ருனு இடுப்பு வரைக்கும் இறங்குது. அது என்ன?” என்று கேட்டார்.

நான் மேசையருகே உட்கார்ந்திருந்தேன். என் கையிலும் செல்போன். மகனின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் சீருடை பற்றிய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அதைத்தான் சார் ஃபோன் கழுத்துங்கறோம். ஒரு மாசம் ஃபோனைக் குறைச்சுக்குங்க, சரியாயிடும்” என்றேன். “சரிம்மா” என்றார். மணி அடித்ததும் பட்டைகளைக் கழற்றினேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கழுத்தைக் குனிக்கும்போது முதுகுத்தண்டில் மின்சாரம் பாய்வதுபோல் இருப்பதற்கு லெர்மிட் குறி என்று பெயர். கல்லூரியில் படித்தது. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியது. கழுத்தெலும்புகளுக்குள் ஓடும் தண்டுவடம் எங்காவது நசுங்குகிறதா என்று உடனே சந்தேகப்படச் சொல்லும் குறிகளில் அது ஒன்று. பதினெட்டு வருட அனுபவம் உள்ளவள் நான். அந்த வாக்கியத்தை அவர் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே சொன்னார். என் காதில் விழவும் செய்தது. நான் நிமிரவில்லை.

இதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. எழுதும்போது அந்த ஒரு நாளோடு நிறுத்திவிட்டால் அது கவனக் குறைவு, யாருக்கும் நேர்வது என்று ஆகிவிடும். அந்த நாளுக்கு வெகு முன்பே நான் நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் கையில் இருந்ததையும் அவர்கள் கையில் இருந்ததையும்.

என் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தேன். பக்கவாட்டில் பார்த்த ஐந்து தலைகள், ஒன்றைவிட ஒன்று கூடுதலாகக் குனிந்திருக்கும். நேராக நின்றால் கழுத்தின் மேல் ஐந்து கிலோ. 15 பாகை குனிந்தால் 12 கிலோ. 30 பாகைக்கு 18, 45க்கு 22, 60க்கு 27. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணக்கு அது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து எல்லார் கையிலும் இணையம் புகுந்த பிறகு, என்னிடம் கழுத்து வலியோடு வருகிறவர்களின் வயது இறங்கிக்கொண்டே வந்தது. இருபது வயதுப் பிள்ளைகள் பிடரியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு பேச்சு வேண்டியிருந்தது, படம் அதைத் தந்தது. “ஒரு சிப்பம் அரிசி 25 கிலோ. நீ ஃபோன் பாக்கற நேரமெல்லாம் உன் கழுத்து மேல ஒரு சிப்பத்துக்கு மேல உக்காந்திருக்கு” என்பேன். பிள்ளைகளின் முகம் மாறும். கூட வந்த அம்மாக்கள் என்னை நன்றியோடு பார்ப்பார்கள்.

ஹன்ஸ்ராஜின் கட்டுரையை நான் படித்ததே இல்லை. படத்தைத்தான் பார்த்தேன். பிற்பாடு தேடிப் படித்தபோது தெரிந்தது, அது கணினிக்குள் ஒரு மாதிரிக் கழுத்தை அமைத்துப் போட்ட கணக்கு. உயிருள்ள கழுத்து எதிலும் கருவி வைத்து அளக்கவில்லை. இத்தனை விசை விழும் என்று அது சொல்கிறது. அந்த விசையால் வலி வரும் என்று அது நிறுவவில்லை. 2018இல் பிரேசில் ஆய்வாளர்கள் ரியோ டி ஜெனிரோவில் 18 முதல் 21 வயதுள்ள 150 பேர் செல்போன் பார்க்கும்போது எப்படிக் குனிகிறார்கள் என்று கவனித்து, அவர்களுடைய கழுத்து வலியோடு ஒப்பிட்டார்கள். குனிவதற்கும் வலிக்கும் தொடர்பு தென்படவில்லை. ஒரே ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாதுதான். ஆனால் நான் சுவரில் ஆணி அடித்து மாட்டிய அளவுக்கு உறுதியான விஷயம் அது இல்லை.

யோசித்திருந்தால் எங்கள் ஊரே எனக்குச் சொல்லியிருக்கும். திருபுவனத்தில் பட்டு நெசவாளர்கள் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை குனிந்தே இருக்கிறார்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகள் சிலையின் விரல் நகத்தைச் செதுக்கக் கழுத்தை மடித்து உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். என் அப்பாயி நாற்று நட்டவர். அவர்களுக்கு வலியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, நெசவாளர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். ஆனால் நெசவாளிக்குக் கையும் காலும் ஓயாமல் ஓடுகின்றன. நடவில் நிற்கிறவள் நாலு குத்து நட்டு ஓர் அடி பின்னால் நகர்கிறாள், இடுப்பில் கை வைத்து நிமிர்கிறாள், வெற்றிலை போடுகிறாள். செல்போன் பார்க்கிறவர் மூன்று மணி நேரம் கட்டைவிரலை மட்டும் அசைக்கிறார். குனிவதைவிட அசையாதிருப்பதையும், அதோடு சேர்ந்து வரும் தூக்கக் கேட்டையும் மனக்கவலையையும் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நேரமாகும். படத்தைக் காட்டுவது ஒரு நிமிட வேலை.

அந்த ஒரு நிமிடத்தால் என்ன ஆனது என்பதற்கு ஒரு பெண்ணின் கதை போதும். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாட வீடியோக்களெல்லாம் செல்போனில்தான். பிடரி வலி என்று வந்தவளுக்குச் சிப்பம் அரிசிப் பேச்சைப் பேசி, கரண்ட் வைத்து, தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். நாலைந்து மாதம் கழித்து அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். கழுத்தில் காலர். மருந்துக் கடையில் தானே வாங்கி, அன்றிலிருந்து இரவும் பகலும் போட்டிருக்கிறாள். குனிந்தால் எலும்பு நசுங்கும் என்று பயந்து வாசலில் கோலம் போடுவதை விட்டுவிட்டாள். தங்கைக்குத் தலை பின்னிவிடுவதில்லை. பேருந்து வருகிறதா என்று பார்க்க உடம்பு முழுவதையும் திருப்பினாள். காலரைக் கழற்றி, படுக்கவைத்து, தலையை ஒரு விரற்கடை தூக்கச் சொன்னேன். ஐந்து நொடிக்குள் தாடை நடுங்கியது. மாதக்கணக்கில் வேலையில்லாமல் இருந்த தசை அப்படித்தான் இருக்கும். வலி முன்பைவிட இரண்டு மடங்கு என்றாள்.

நான் அவளைத் திட்டினேன். “காலரை யார் போடச் சொன்னது?” என்று அவள் அம்மா முன்னால் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அன்று இரவே அதைக் கழற்றியிருந்தால் இங்கே எழுத எனக்கு ஒரு நல்ல விஷயமாவது இருந்திருக்கும். கழற்றவில்லை. அது மேலும் இரண்டு வருடம் சுவரில் இருந்தது.

தாள் என்று சொன்னேன். ஆறு படங்கள் உள்ள கழுத்துப் பயிற்சித் தாள். நான் வேலையில் சேர்ந்த புதிதில் யாரோ கொடுத்தது. அதையே நகலெடுத்து, நகலை நகலெடுத்து, ஆயிரக்கணக்கில் கொடுத்திருப்பேன். இருபது வயதுக்கும் அதே தாள், எழுபது வயதுக்கும் அதே தாள். மூன்றாவது படத்தில் ஓர் ஆள் தாடையைப் பின்னுக்கு இழுப்பார். நகல்கள் ஏற ஏற அந்த அம்புக்குறி மங்கி ஒருநாள் மறைந்தே போயிற்று. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் இரண்டு மாதம் விடாமல் செய்தும் வலி கூடுகிறதே என்று வந்தார். செய்து காட்டச் சொன்னேன். தாடையை முன்னால் துருத்தி, பத்து எண்ணி, விட்டார். இரண்டு மாதம், தினம் மூன்று வேளை, நேர்மாறாக. அவ்வளவு ஒழுங்காகச் செய்தவர். தாளைக் கொடுத்த அன்று ஒரே ஒரு தடவை என் கண்முன்னால் செய்யச் சொல்லியிருந்தால் போதும். ஐந்தாவது படம் தலையை முழு வட்டமாகச் சுற்றச் சொல்லும். வயதானவர்கள் சிலர் அதைச் செய்து தலைசுற்றிக் கட்டிலைப் பிடித்திருக்கிறார்கள். அதையும் கேட்டுவிட்டு, “மெதுவா சுத்துங்க” என்றுதான் சொன்னேனே தவிர, தாளிலிருந்து நீக்கவில்லை.

ஏன் கற்றுக்கொடுக்கவில்லை என்றால், கற்றுக்கொடுக்கத் தெரியாமல் இல்லை. கழுத்துக்கு உண்மையில் முக்கியமான பயிற்சி வெளியே தெரியாத ஒன்று. கழுத்தெலும்புகளின் முன்பக்கத்தோடு ஒட்டி, குரல்வளைக்கும் உணவுக்குழாய்க்கும் பின்னால், மெல்லிய தசைகள் இருக்கின்றன. கழுத்து வலி உள்ளவர்களுக்கு அவை சோர்ந்து, மேலே கயிறுபோல் தெரியும் பெரிய தசைகள் அவற்றின் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு இறுகிவிடும். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் குவெண்டலின் ஜல் இதை ஆராய்ந்து ஒரு சோதனை வகுத்தார். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, பிடரிக்கு அடியில் சின்னக் காற்றுப் பையை வைத்து, அதன் அழுத்தத்தை 20க்கு ஏற்றுவோம். “ஆமாம்” என்று சொல்வதுபோலத் தலையை லேசாக அசைத்து, அழுத்தமானியின் முள்ளை 22க்கும், பிறகு இரண்டிரண்டாக 30 வரைக்கும் கொண்டுபோய்ப் பத்து நொடி நிறுத்த வேண்டும். தலை கட்டிலைவிட்டு எழும்பக் கூடாது. கழுத்தின் பக்கத்துக் கயிறு புடைக்கக் கூடாது. பல்லைக் கடிக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது.

படிக்க எளிதாக இருக்கிறது. முதல் நாளிலேயே சரியாகச் செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. என் இரண்டு விரலை அவர்கள் தொண்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “இல்லை, இப்ப கயிறு எழுந்திருச்சு, விடுங்க, இன்னும் மெதுவா, கண்ணால உங்க காலைப் பாக்கற மாதிரி” என்று இருபது நிமிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுப் பை இல்லாவிட்டால் மடித்த துண்டு போதும், ஆனால் விரல் வேண்டும், கண் வேண்டும். இது பிடிபட்ட பிறகு உட்கார்ந்தபடி தாடையை உள்ளிழுப்பது, தோள்பட்டை எலும்புகளைக் கீழேயும் பின்னாலும் அமர்த்துவது, நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலை நகராதபடி மிதமாகத் தள்ளுவது என்று ஒவ்வொன்றாக ஏற வேண்டும். கடைசியில் கனம் வேண்டும், அதைப் பலர் சொல்லித் தருவதில்லை. டென்மார்க்கில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில் கழுத்தும் தோளும் அடிக்கடி வலிக்கும் 198 அலுவலக ஊழியர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு தினம் இரண்டு நிமிடம், மற்றொன்று பன்னிரண்டு நிமிடம், ரப்பர் குழாயைப் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சி. பத்து வாரத்தில் இரண்டு பிரிவுக்கும் வலி குறைந்தது. இரண்டு நிமிடமே போதுமான பலன் கொடுத்தது. மூன்றாவது பிரிவுக்கு வாராவாரம் உடல்நலத் தகவல் மட்டும் மின்னஞ்சலில் போயிற்று. அவர்கள் வலியில் அந்த முன்னேற்றம் இல்லை. என் நோயாளிகள் எல்லாரையும் நான் அந்த மூன்றாவது பிரிவில்தான் வைத்திருந்தேன்.

இவ்வளவு தெரிந்தும் தாளைக் கொடுத்ததற்குக் காரணம் பணம். இதை எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் அதுதான். ஒருவரோடு இருபது நிமிடம் உட்கார்ந்தால் அந்த நேரத்தில் கட்டிலில் இருவருக்குக் கரண்ட் வைக்கலாம். கரண்ட் சுகமாக இருக்கும், பத்து நாள் வருவார்கள். பயிற்சி சரியாகப் பிடிபட்டவர் நாலாவது நாள் வரமாட்டார், அவருக்கு நான் தேவையில்லை. இயந்திரத்துக்குத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. நான் முடிவெடுத்து ஏமாற்றவில்லை. ஒவ்வொரு நாளும் எளிதானதைச் செய்தேன், வருடங்கள் போயின.

இன்னொன்றும் உண்டு. “நீங்க தினம் செய்வீங்களா மேடம்?” என்று நோயாளிகள் கேட்பார்கள். “காலையில எந்திரிச்சதும் பத்து நிமிஷம்” என்பேன். 2019லிருந்து எனக்கே கழுத்து வலி. இடது தோள்பட்டைக்குக் கீழே ராத்திரியில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு, அது கேட்கும்வரை படுக்கையில் செல்போன் பார்ப்பேன். பயிற்சியில் ஒன்றைக்கூடச் செய்ததில்லை. செய்கிறேன் என்று சொல்லிச் சொல்லி, கேட்டவர்களில் சிலர் தங்கள் சோம்பலை நினைத்து என் முன்னால் வெட்கப்பட்டார்கள்.

இப்படிப்பட்டவளிடம்தான் அந்தத் தலைமையாசிரியர் வந்தார்.

முதல் நாளே சட்டைப் பட்டன் போட நேரமாகிறது என்றார். கையெழுத்து கோணிப் போயிற்று என்றார். அவர் கரும்பலகையில் எழுதினால் அச்சுப்போல இருக்குமாம், கூட வந்த அவர் மனைவி சொன்னார். அவரும் ஆசிரியையாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு சார் பழைய மாணவர்களின் குழுக்களில் நாள் முழுதும் தட்டச்சு செய்வார் என்பதையும் அவர்தான் சொன்னார். எனக்கு அது போதும். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தேன். தேய்மானம். அந்த வயதில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பதுதான், எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், அதற்குள் ஓடும் தண்டுவடம் தெரியாது. குறிப்பேட்டில் எழுதினேன்: “அதிக செல்போன் பயன்பாடு. நிற்கும், உட்காரும் முறை சரியில்லை. பயிற்சி, அறிவுரை.”

இரண்டாவது வாரம் ஷாக் அடிப்பதைச் சொன்னார். மூன்றாவது வாரம், கோயிலில் நடந்து வரும்போது ஒரு செருப்பு காலைவிட்டுக் கழன்று போனதே தெரியவில்லை, பத்தடி தள்ளிப் போனபிறகு யாரோ கூப்பிட்டுச் சொன்னார்கள் என்றார். விரல் சொல்பேச்சுக் கேட்கவில்லை, முதுகில் மின்சாரம், காலில் செருப்பு நிற்கவில்லை. மூன்றையும் சேர்த்தால் ஒரு மாணவிக்குக்கூடத் தெரிய வேண்டும். கழுத்தில் தண்டுவடம் ஓடும் குழாயின் முன்பின் விட்டம் சராசரியாக 17 மில்லிமீட்டர். எலும்பு முளைத்தும் சவ்வு பிதுங்கியும் அது ஒடுங்கும்போது முதலில் கெடுவது விரல்களின் நுணுக்கமும் நடையின் நிதானமும். வலி பெரிதாக இருக்க வேண்டுமென்று இல்லை. அதனாலேயே தவறிப்போகிறது. கண்டுபிடிக்க நடுவிரல் நகத்தைச் சுண்டிப் பார்த்தாலே கட்டைவிரல் மடங்குகிறதா என்று ஓரளவு தெரியும். பத்து நொடியில் கையை எத்தனை தடவை மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணலாம். கயிற்றின் மேல் நடப்பதுபோல் குதிகாலை விரலோடு ஒட்டி நடக்கச் சொல்லலாம். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம்.

நான் செய்தது வேறு. வலி குறையவில்லையே என்று அவருக்குக் கழுத்தை இழுக்கும் இயந்திரத்தில் மூன்று நாள் இழுவை கொடுத்தேன். தண்டுவடம் நசுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இழுவை கொடுக்கக் கூடாது என்பது அடிப்படைப் பாடம். எனக்குச் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் நான் சோதிக்கவே இல்லை.

நாலாவது வாரம் அவர் வரவில்லை. குணமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் அவர் மனைவி வந்தார். தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்ததில் இரண்டு இடத்தில் தண்டுவடம் நசுங்கியிருப்பது தெரிந்து, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். “பிசியோதெரபியில என்னென்ன பண்ணினாங்கன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரு டாக்டர்” என்றார். எனக்குக் கை ஜில்லிட்டது. நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, எழுதினேன். எத்தனை நாள், என்ன கரண்ட், என்ன பயிற்சி. இழுவையை எழுதவில்லை. மறந்துவிடவில்லை. பேனா அந்த இடத்தில் நின்றது, தாண்டிப் போயிற்று. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர், “ரொம்ப நன்றிம்மா, சார் உங்களைப் பத்தி நல்லாத்தான் சொல்வாரு” என்றார்.

அந்த மூன்று நாள் இழுவையால்தான் கெட்டது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கெடவில்லை என்றும் சொல்ல முடியாது. நோய் முன்பே அவருக்குள் இருந்தது. ஆனால் இந்த நோயில் அறுவைச் சிகிச்சையின் முதல் வேலை மேற்கொண்டு கெடாமல் நிறுத்துவது, போனதெல்லாம் திரும்பி வருவது எப்போதும் நடப்பதில்லை. எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. என்னிடம் அவர் கழித்த வாரங்களும், குணமாகும் என்று நம்பி வீட்டில் என் தாளைப் பார்த்துத் தலையைச் சுற்றிக்கொண்டிருந்த வாரங்களும் அவருடைய கணக்கில் கழிந்தவை.

அதன் பிறகுதான் படத்தைக் கழற்றினேன். தாள்கட்டை எரித்தேன். கட்டில் ஒன்றைக் குறைத்தேன். செல்போனை வாசல் அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே வரப் பழகினேன். காலர் போட்டிருந்த அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து, பணம் வாங்காமல் முதலிலிருந்து கற்றுக்கொடுத்தேன். நான் உன்னைப் பயமுறுத்தினேன், அந்தக் கணக்கு நான் சொன்னபடி இல்லை, குனியலாம், கோலம் போடலாம் என்று அவளிடம் சொல்ல முடிந்தது. சாரிடம் போக முடியவில்லை. தெருவில் அவர் மனைவியைக் கண்டால் வேறு சந்தில் திரும்பினேன். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படிப் போயிற்று.

2025 தை மாதம் போனேன். சார் திண்ணையில் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஒரு கைத்தடி. சட்டைக்குப் பதில் பனியன் போட்டிருந்தார். “வாங்கம்மா” என்றார். அவர் மனைவி உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். உட்காராமலே சொன்னேன்.

“சார், அன்னைக்கு குனிஞ்சா முதுகுல ஷாக் அடிக்குதுன்னு சொன்னீங்க. நான் கேக்கலை.”

“ஞாபகம் இருக்கு. நீங்க ஃபோன் பாத்துக்கிட்டிருந்தீங்க.”

குப்புறப் படுத்திருந்தவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. செருப்பு கழன்றதைச் சொன்னேன், பட்டனைச் சொன்னேன், எதையும் சோதிக்காமல் விட்டதைச் சொன்னேன். இழுவையைச் சொன்னேன். அம்மா கையில் கொடுத்த தாளில் அதை வேண்டுமென்றே எழுதவில்லை என்றும் சொன்னேன். அந்த அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் உள்ளே போய்விட்டார். பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

சார் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அதை எழுதியிருந்தா ஆபரேஷன்ல ஏதாச்சும் மாறியிருக்குமா?” என்று கேட்டார்.

“ஆபரேஷன் மாறியிருக்காது சார். ஆனா உங்ககிட்ட மறைச்சேன்.”

“ம்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. போகலாமா என்று நினைத்தபோது, “இப்ப கழுத்து வலின்னு வர்றவங்களுக்கு என்ன பண்றீங்க?” என்றார். வகுப்பில் கேள்வி கேட்கும் குரல் அது.

“முதல்ல பட்டனைக் கழட்டிப் போடச் சொல்றேன் சார். நடக்கச் சொல்றேன். கையை வேகமா மூடி மூடித் திறக்கச் சொல்லி எண்ணுறேன். பத்து செகண்டுல இருபது தடவையாச்சும் வரணும். அதெல்லாம் சரியா இருந்தாத்தான் பயிற்சி.”

அவர் வலது கையை மடியிலிருந்து எடுத்து முன்னால் நீட்டினார். மூடினார். திறந்தார். சுண்டுவிரலும் மோதிர விரலும் மற்றவற்றோடு சேர்ந்து விரியாமல் பின்தங்கி வந்தன. மறுபடி மூடினார். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். பத்து நொடி ஆனதும் அவரே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“எவ்வளவு?”

“பதினொண்ணு, சார்.”

தலையை ஆட்டிவிட்டு, இடது கையை நீட்டினார்.